நீலத் தார்ப்பாயும் கீழே நின்று பேசியவர்களும்

தார்ப்பாய் கட்டுகிறவனை மழை பெய்யும்போது குலசாமியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவார்கள். வெயில் அடித்த மறுநாள் கடைவீதியில் எதிரே வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போவார்கள்.

நான் ராஜபாளையத்துக்காரன். முன்னே இரும்பு ஷெட் போடுகிற வேலையில் இருந்தேன். பதினோரு வருஷமாக உடைந்த கூரைகளுக்குத் தற்காலிகமாகத் தார்ப்பாய் கட்டித் தருகிறேன். எங்கள் பக்கம் படுதா என்றும் சொல்வார்கள். ஆடிக் காற்றில் ஓடு பறந்தாலும், தென்னை மட்டை விழுந்து சிமெண்ட் ஷீட் உடைந்தாலும், ஐப்பசி மழையில் முகடு ஒழுகினாலும் எனக்குப் போன் வரும். என்னோடு வேலை செய்கிறவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கணேசன். நாற்பது வயது. ஒல்லி. நான் கொஞ்சம் கனம், அதனால் கூரையின் விளிம்போடு நின்றுவிடுவேன். முகடு வரைக்கும் போவது அவன்தான்.

இந்த வேலையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஓட்டையை மட்டும் மூடினால் போதாது. தார்ப்பாய் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் ஒரு முழம் இறங்க வேண்டும். ஓரத்தை ஒரு மரச்சட்டத்தில் சுற்றி ஆணி அடிக்க வேண்டும். கயிற்றை நாலு பக்கமும் அசையாத பொருளில் கட்ட வேண்டும். இவ்வளவுதான். இவ்வளவையும் செய்யவிடாமல் தடுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆள் கீழே நின்று பேசிக்கொண்டே இருப்பார். உங்கள் தொழிலிலும் அப்படி ஒருவர் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத்தான் முறைத்திருப்பீர்கள்.

பட்டாள முடிச்சு

சோழபுரத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார். "சின்ன ஓட்டைதான், ஒரு கை அகலம்" என்று போனில் சொன்னார். போய்ப் பார்த்தால் சமையல்கட்டின் மேலே பாதி ஓடுகளைக் காணோம். சாரல் நேரே உள்ளே விழுகிறது. அவர் வீட்டம்மா ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாகத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். கையகலம் என்றால் யாருடைய கை என்று கேட்கத் தோன்றியது.

ஒரு மணி நேரத்தில் கட்டி முடித்தோம். சுபேதார் வந்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். "இதெல்லாம் முடிச்சா?" என்று கேட்டுவிட்டு, பனிமலையில் கூடாரம் கட்டுகிற முடிச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினார். பன்னிரண்டு முடிச்சையும் அவிழ்த்து அதே மாதிரி கட்டச் சொன்னார். "ஐயா, பனிமலைக் காத்து வேற, செங்கோட்டைக் கணவாய்க் காத்து வேற. அந்த முடிச்சு ஆட ஆட நெகிழும்" என்றேன். "நான் சொல்றதைச் செய்" என்றார். கணேசன் நனைந்த கயிற்றைப் பல்லால் இழுத்து இழுத்துப் பன்னிரண்டையும் மாற்றினான்.

மறுநாள் காலையில் தார்ப்பாய் அடுத்த தோட்டத்துப் புளியமரத்தில் தொங்கியது. வீட்டம்மா மறுபடியும் குடையோடு நின்றார். சுபேதார் முதுகில் கையைக் கட்டிக்கொண்டு மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "முடிச்சுல தப்பு ஒண்ணும் இல்ல. காத்துதான் சொன்ன தெசையில வரல."

பத்து நாள்

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் லைன் வீடு ஒன்று. ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு குடித்தனம். மூன்றாவது வீட்டில் ஓடு சரிந்து மழைத்தண்ணீர் தொட்டில் பக்கம் கொட்டுகிறது. குழந்தை பிறந்து பத்து நாள். புருஷன் ஷிஃப்டில் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண்தான் எனக்குப் போன் செய்தாள்.

தார்ப்பாயை விரித்தாயிற்று. கயிறு கட்ட வாசல் பக்கம் வேறு எதுவும் இல்லை. எதிரே வீட்டுக்காரரின் மாடி வீட்டுக் காம்பவுண்டுக் கம்பிதான் இருந்தது. கயிற்றைக் கொண்டு போனேன். மாடியிலிருந்து குரல் வந்தது. "கம்பியில கட்டாதீக. உரசுனா பெயிண்ட் போயிரும்." துணி சுற்றிக் கட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ரெண்டே நாள் என்றேன். அதுவும் வேண்டாம். உள்ளே குழந்தை அழுகிறது, மழை என் தலையில் பெய்கிறது, அவர் டீயை ஆற்றிக்கொண்டு நிற்கிறார். அப்போது நான் முணுமுணுத்ததை இங்கே எழுத முடியாது.

கடைசியில் அந்த வரிசைப் பெண்களே வழி செய்தார்கள். ஆளுக்கு ரெண்டு மூன்று குடம், ஒரு வீட்டிலிருந்து பெரிய டிரம் என்று எல்லாவற்றிலும் தண்ணீரை நிரப்பி வாசலில் வரிசையாக வைத்தார்கள். கயிற்றைக் குடத்தின் கழுத்திலும் டிரம்மிலும் கட்டினோம். அசையாமல் நின்றது. கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. மாடியைப் பார்த்து, "பச்சைப் புள்ள இருக்குற வீடு. பொறந்து பத்து நாள்தான் ஆகுது. சீக்கிரம் ஓடு மாத்திக் குடுங்க" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பெயிண்ட் அடிச்சும் பத்து நாள்தான் ஆகுது."

கூரை உள்ளது

மகாராஜபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, ரெண்டு பெண் பிள்ளைகள். வேப்பமரக் கிளை முறிந்து விழுந்து பாதிக் கூரை போய்விட்டது. அன்றைக்கே தார்ப்பாய் கட்டிக் கொடுத்தோம். நாலு நாள் கழித்துச் சேதம் பார்க்க ஓர் அலுவலர் வந்தார். தெருவில் நின்றபடியே பார்த்து, 'கூரை உள்ளது' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனுஷன் அலுவலகத்துக்கு ரெண்டு தடவை நடந்து, மறுபடி வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தார். "அவுக வர்றப்ப ஓட்டை தெரியணும். செத்த நேரம் கழட்டி விடுங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நன்றாகக் கட்டின தார்ப்பாயை நானே போய் அவிழ்த்தேன். காலையில் வருவதாகச் சொன்ன அலுவலர் அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ரெண்டாம் நாள் சாயங்காலம் மழை வந்தது. விதைக்கு வைத்திருந்த நெல் மூட்டையை அந்தப் பெண் பிள்ளைகள் ரெண்டு பேரும் இழுத்து இழுத்து மூலைக்குக் கொண்டு போனார்கள். அப்படியும் பாதி நனைந்துவிட்டது.

மூன்றாம் நாள் அலுவலர் வந்தபோது நானும் இருந்தேன். கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த தார்ப்பாயைப் பார்த்தார். நான் கொஞ்சம் சூடாகவே, "சார், மூடியிருந்தா கூரை இருக்குன்னு எழுதுறீங்க. இப்பத் தொறந்து கெடக்கு. இப்பவாவது எழுதுங்க" என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது. பேனா மூடியைத் திருகிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "பாதிப்பு பெரிசா இருந்தா மூடியிருப்பாங்கல்ல. மூடாம வச்சிருக்காங்கன்னா சமாளிச்சுக்கலாம்னுதானே அர்த்தம்?"

மேலே யார் பார்ப்பது

பெரிய காற்று அடித்து ஓய்ந்த ஒரு வாரம் எந்தக் கடையிலும் தார்ப்பாய் இல்லை. அப்போது எங்கள் பகுதிப் பிரமுகர் ஒருவர் தன் பிறந்தநாளுக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பேனர்களையெல்லாம் கழற்றி, கூரை போனவர்களுக்கு நிவாரணமாகக் கொடுத்தார். ஒன்றுமில்லாததற்கு அதுவும் பரவாயில்லை என்று நானும் கணேசனும் கட்டிக்கொண்டு போனோம். தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தபோது பிரமுகரே நேரில் வந்துவிட்டார். கூடப் படம் எடுக்க ஓர் ஆள்.

படம் போட்ட பக்கத்தை நான் மேலே வைத்திருந்தேன். வழவழப்பான பக்கம் மேலே இருந்தால்தான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கும். பிரமுகர் முகம் சுளித்தார். "மேல யாரு பாக்கப் போறா, காக்காயா? திருப்பிப் போடுங்க" என்றார். தண்ணீர் தங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். படம் எடுக்கிறவர் வீட்டுக்குள்ளே போய் நின்று, கேமராவை மேலே தூக்கிக் காத்திருந்தார். திருப்பிப் போட்டோம். வேட்டி சட்டையில், ரெண்டு கையும் கூப்பி, அந்த வீட்டுக்குள்ளே குனிந்து பார்த்துச் சிரித்தபடி பிரமுகர் கூரையானார்.

ரெண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. ஒழுகுகிறதா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒழுகலண்ணே. அந்த ஆளு கண்ணு இருக்குற எடத்துல மட்டும் ஒரு சாக்கு வச்சு மறைக்க முடியுமா? சேலை மாத்த முடியல."

பங்குச் சுவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் தம்பி ரெண்டு பேர். அப்பா வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள்; கூரை மட்டும் ஒன்றாகவே நின்றுவிட்டது. ஒழுகினது ரெண்டு பக்கமும். கூப்பிட்டது தம்பி. முழுக் கூரைக்கும் சேர்த்து ஒரே தார்ப்பாய் போட்டால்தான் நிற்கும் என்று விளக்கினேன். சுவர் வரைக்கும் போதும் என்றார். சுவரோடு நிறுத்தினால் தண்ணீர் மடிப்பில் ஓடி அண்ணன் வீட்டுக்குள் இறங்கும் என்றேன். அண்ணன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "அவன் கூட்டியாந்த ஆளு என் கூரையில கால் வைக்கக்கூடாது" என்றார். அவர் தலைக்கு மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

படித்தவர்கள். ரெண்டு பேருமே வெளியில் மரியாதையாகப் பேசுகிறவர்கள். சுவருக்கு நேராகத் தார்ப்பாயை மடித்துக் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். கணேசன் இறங்கி வந்து கயிறு சுருட்டும்போது, தம்பி அவன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்: "அண்ணன் பக்கம் போற தண்ணியில நம்ம தண்ணி எம்புட்டு இருக்கும்?"

பால்கோவா அடுப்பு

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற பட்டறை ஒன்று. நாலு விறகு அடுப்பு, நாலு பெரிய இரும்புச் சட்டி, சட்டிக்கு ஒரு பெண்ணாக நின்று நாள் முழுக்கப் பால் கிண்டுவார்கள். மேலே சிமெண்ட் ஷீட். ரெண்டு ஷீட்டில் விரிசல் விட்டு மழை அடுப்பில் விழுகிறது என்று கூப்பிட்டார்கள். முதலாளியிடம் முதலில் கேட்டதே ஷீட்டின் வயசுதான். புகையும் ஆவியும் பட்ட ஷீட் அப்பளம் மாதிரி ஆகிவிடும். "போன வருஷம் மாத்துனது" என்றார். அடுப்பை அணைக்கச் சொன்னேன். "பால் திரிஞ்சுபோகும். நீங்க மேல உங்க வேலையைப் பாருங்க, கீழ நாங்க எங்க வேலையைப் பாக்குறோம்" என்றார்.

அப்போதே நான் ஏணியை மடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கோபம் என் மேலேயே இன்னும் இருக்கிறது. ஷீட்டின் மேல் ரெண்டு பலகையைக் குறுக்கே போட்டு, அதன் மேல்தான் கணேசன் நடந்தான். ஒரு பலகையிலிருந்து அடுத்ததுக்குக் கால் மாற்றும்போது ஷீட் உடைந்தது. இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டான். கையில் ஒரு இரும்புக் குழாய் சிக்கியது. அதைப் பிடித்துத் தொங்கினான். அவன் காலுக்குக் கீழே ஆறடியில் கொதிக்கிற பால்.

கிண்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கரண்டியைப் போட்டுவிட்டு, விறகை உதைத்துத் தள்ளி, இன்னொருத்தியோடு சேர்ந்து சட்டியைச் சாக்கால் பிடித்து இழுத்து நகர்த்தினாள். நான் பலகையில் குப்புறப் படுத்து அவன் அக்குளைப் பிடித்து மேலே இழுத்தேன். தொடையில் ஷீட் கிழித்து, சதை பிளந்து, ரத்தம் வேட்டியெல்லாம் இறங்கியது. எப்படிக் கீழே கொண்டு வந்தேன் என்று எனக்கே நினைவில்லை. அந்தப் பெண்கள் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டார்கள். சத்தம் கேட்டு முதலாளி முன்பக்கக் கடையிலிருந்து ஓடி வந்தார். கணேசனைப் பார்த்தார், உடைந்த ஷீட்டைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்: "பால்ல தூசி விழுந்துருச்சா பாரு."

மூடாத ஓட்டை

பதினாலு தையல். கணேசன் ஒரு மாதம் வீட்டில் இருந்தான். அந்தப் பட்டறைப் பக்கமே இனிப் போவதில்லை என்று இருந்தேன். முதலாளி அனுப்பிய ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். உங்களையும் யாராவது இப்படி நடத்தியிருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

நாலாம் நாள் சட்டியை இழுத்த அந்தப் பெண்ணே போன் செய்தாள். முதலாளி ஷீட்டை மாற்றவில்லை. அடுப்பை நிறுத்தவும் இல்லை. மழைத்தண்ணீர் ஓட்டை வழியாக விழுந்து, காய்ந்த சட்டியில் பட்டுத் தெறிக்கிறது. ஒருத்திக்கு முழங்கையில் கொப்புளம். "நாங்க சொன்னா அவுக கேக்க மாட்டாகண்ணே. நீங்க வந்தா ஏதாச்சும் நடக்கும்" என்றாள். போனால் அந்த ஆளுக்கு வேலை செய்து கொடுத்த மாதிரி ஆகும். போகாவிட்டால் அந்த நாலு பெண்களும் சட்டியை விட்டு நகர முடியாமல் அப்படியே நிற்பார்கள்.

கணேசன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். அவன் வேண்டாம் என்று சொன்னால் போகாமல் இருக்கலாம் என்று உள்ளூர ஒரு ஆசை எனக்கு. அவன் சுவரைப் பார்த்து யோசித்துவிட்டுச் சொன்னான்: "போயி அடுப்புக்கு மேல எல்லாத்தையும் மூடிருங்கண்ணே. அந்தாளு கல்லாவுல உக்காருற எடத்துக்கு மேல ஒரு விரிசல் இருக்கு, நான் பாத்தேன். அதை மட்டும் விட்டுருங்க."

விட்டுவிட்டேன். நான் பலகையில் படுத்தே ஊர்ந்து கட்டி முடிக்கும் வரை அடுப்பை எரிய விடவும் இல்லை. அந்தப் பெண்களே அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி போனில் கத்தினார்: "எல்லா எடமும் சரியா இருக்கு, என் தலையில மட்டும் ஒழுகுது. அது எப்படிய்யா?"

ஏணி

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ள இது. கூமாப்பட்டியில், மலை அடிவாரத் தோப்பில் ஒரு வீடு. மூன்று தடவை தார்ப்பாய் கட்டினேன். மூன்று தடவையும் குரங்குகள் வந்து கிழித்தன. ஓடு உடைந்ததும் அவற்றால்தான். முதல் தடவை ஓரத்தைப் பிரித்தன. ரெண்டாம் தடவை நடுவில் உட்கார்ந்து நகத்தால் கீறின. மூன்றாம் தடவை முழுவதையும் உருவிக்கொண்டு போய் மாமரத்தில் போட்டு, குட்டிகள் சறுக்கி விளையாடின. முள்ளைக் கட்டி வைத்தும் பயனில்லை. அடிக்கடி வர வேண்டியிருந்ததால் என் ஏணியைக் கூரையோரமே சாத்தி வைத்திருந்தேன்.

வீட்டுக்காரர் குரங்கைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார். எனக்கும் கோபம் வந்து, "நான் என்ன அதுகளுக்கா சொல்லிக் குடுத்தேன்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "பொறவு? மரத்துல இருந்து ஓட்டுக்குத் தாவிக்கிட்டு இருந்ததுக இப்ப ஏணியில ஏறிப் போகுதுக. ஏணியை யாரு கொண்டாந்தது?"

தெற்குச் சுவர்

போன ஐப்பசி. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு ஒருவர் கூப்பிட்டார். பழைய மண்சுவர், ஓட்டுக் கூரை. மூன்று நாள் விடாத மழை. தெற்குப் பக்கம் முகட்டிலிருந்து சுவர் தலை வரைக்கும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஏணியைச் சாத்துவதற்கு முன்னால் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். ஊறின ரொட்டி மாதிரி கையோடு வந்தது. தள்ளி நின்று பார்த்தால், நடுவில் வயிறு தள்ளியிருந்தது. உள்ளே, அதே சுவரை ஒட்டிய கட்டிலில், அவருடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். பக்கத்தில் ஏட்டின் வீட்டம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதுல நான் கட்ட மாட்டேன். கயிறு இழுத்தா சுவரு தாங்காது. கட்டாட்டியும் தாங்காது. எல்லாரும் இப்பவே வெளிய வந்துருங்க" என்றேன். ஏட்டு சிரித்தார். "படுதா கட்ட வந்தவன் நீ. எஞ்சினியரா?" என்றார். நான் சுவரைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். தெருவில் இருபது பேர் கூடிவிட்டார்கள். "வீட்டை விட்டு எங்களை வெளியேத்தப் பாக்குறியா? ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்னா தெரியும்" என்றார். நான் கத்தின கத்தலில் தொண்டை கிழிந்தது. கடைசியில் அவர் வேறொரு ஆளைக் கூப்பிட்டு வந்தார். அந்த ஆள் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஏணியைச் சாத்தினான்.

நான் கிளம்பவில்லை. கொல்லைப் பக்கம் சுற்றிப் போனேன். வீட்டம்மா பாத்திரம் கழுவ வெளியே வந்திருந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரரை விடுங்க. பெரியவரை மட்டுமாவது நகத்திருங்க. இந்தச் சுவரு இன்னைக்கு நிக்காது" என்றேன். அவர் கையைச் சேலையில் துடைத்தார். உள்ளே போய்ச் சுவரில் அவரும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தெருவில் நின்ற நாலு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கட்டிலோடு பெரியவரைத் தூக்கிச் சமுதாயக் கூடத்துக்குக் கொண்டு போனார்கள். ஏட்டு பின்னாலேயே சத்தம் போட்டார். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கட்டியவன் இறங்கிப் போனபின், ஏட்டு வீம்புக்கு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மத்தியானம் ரெண்டு மணிக்குத் தெற்குச் சுவர் மொத்தமும் உள்பக்கமாக விழுந்தது. கட்டில் கிடந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு மண். தார்ப்பாய் அதன் மேல் சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்தது. முன்னறையில் இருந்த ஏட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, தலையெல்லாம் ஈரமண்.

மறுநாள் காலையில் நானும் கணேசனும் போனோம். அந்த அம்மா சமுதாயக் கூடத்து வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்; எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏட்டு மண்மேட்டின் பக்கத்தில் நின்றிருந்தார். மன்னிப்பெல்லாம் எதிர்பார்த்துப் போகவில்லை. அவர் அப்பா பத்திரமாக இருக்கிறார், அது போதும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். எனக்குத் தொண்டை கட்டி, குரலே வரவில்லை. பேச முயன்று இருமினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுத் தெரிஞ்சவன், நேத்தே கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல?"

எத்தனை அடி நீள அகலத்துக்குக் கேட்டாலும் கடையில் தார்ப்பாய் வெட்டித் தருகிறார்கள். கூரைக்குக் கீழே நின்று பேசுகிறவர் வாய்க்குச் சரியான அளவில் மட்டும் இன்னும் வரவில்லை.